ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் இ.பி.யை எப்படிக் கேட்பது

1964 ஜனவரி 17 அன்று லண்டனில் டெக்கா இசை நிறுவனம் வெளியிட்ட, இந்த ஆங்கிலேய ராக் குழுவின் ஏழு அங்குல இ.பி. (ஆல்பத்தைவிடக் குறைவான பாட்டுகள் கொண்ட சிறு இசைத்தட்டு) என்னிடம் ஒன்று இருக்கிறது. முதல் ஆல்பம் வர இன்னும் மூன்று மாதம் இருந்த நேரம் அது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. நான்குமே பிறர் எழுதியவை.

முதலில் சுழலும் வேகத்தை நிமிடத்துக்கு 45 சுற்றில் வையுங்கள். தட்டின் நடுத்துண்டை யாராவது பெயர்த்திருந்தால், பெரிதாகிவிட்ட துளையில் பொருத்த அடாப்டர் வேண்டும். தட்டை காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால், வரிப்பள்ளம் போகும் போக்கிலேயே துடையுங்கள். லேபிளில் நீர் படவே கூடாது. என் தட்டில் ஒருமுறை பட்டு, அந்த இடம் மங்கிப்போனது இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். இதை விட்டுவிடாதீர்கள். இந்தத் தட்டு மோனோ, அதாவது ஒரே சேனலில் பதிந்தது. மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஸ்டீரியோ ஊசியோ மேல்கீழ் அசைவையும் சேர்த்துப் படிக்கும். தூசியும் கீறலும் தரும் இரைச்சலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு சேனலையும் ஒன்றாக்கினால் அது அடங்கிவிடும். சார்லி வாட்ஸின் டிரம்ஸ் பளிச்சென்று முன்னால் வரும்.

சரி, எங்கே தொடங்குவது? இரண்டாம் பக்கத்தில். ஆர்தர் அலெக்சாண்டரின் ‘யூ பெட்டர் மூவ் ஆன்’ பாட்டைக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் அடக்கமாக, ஏக்கத்தோடு பாடுகிறார். எனக்கு இந்தத் தட்டின் உயிரே அதுதான். அதன் பிறகு முதல் பக்கம் திருப்பி, சக் பெர்ரியின் ‘பை பை ஜானி’யைச் சத்தமாக வையுங்கள்.