ஜப்பானில் படிக்கப் போகிறவர்கள் விமான நிலையத்திலேயே செய்ய வேண்டிய வேலை

மாணவர் விசா கையில் இருந்தால் மட்டும் ஜப்பானில் பகுதிநேர வேலை பார்த்துவிட முடியாது. தனி அனுமதி வேண்டும். முதன்முறை நரிதா, ஹனேதா, கன்சாய் போன்ற விமான நிலையத்தில் இறங்கும்போதே அதற்கான படிவத்தை நிரப்பிக் குடிவரவு அதிகாரியிடம் கொடுங்கள், கட்டணம் இல்லை. குடியிருப்பு அட்டையின் பின்புறம் முத்திரை குத்தித் தருவார்கள். விட்டுவிட்டால், அப்புறம் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

வரம்பு வாரத்துக்கு 28 மணி நேரம். இரண்டு கடைகளில் வேலை பார்த்தாலும் மொத்தமே அவ்வளவுதான், எந்தக் கிழமையிலிருந்து எண்ணினாலும் தாண்டக்கூடாது. மீறினால் விசா நீட்டிப்பு சிக்கலாகும். நீண்ட விடுமுறைகளில் நாளுக்கு 8 மணி நேரம் வரை பார்க்கலாம். பெண்கள் உடனிருந்து உபசரிக்கும் மதுக்கூடம், சூதாட்டக்கூடம் பக்கம் பாத்திரம் கழுவக்கூடப் போகாதீர்கள்.