ரிப்போர்ட்டில் ‘லாஸ்’ என்று இருந்தால் எப்படி வாசிப்பது

நோய்க்குறியியல் ஆய்வகத்தில் ஸ்லைடு பார்ப்பது என் வேலை. கட்டியின் ஜீன் ரிப்போர்ட்டில் ‘லாஸ்’, அதாவது ஜீன் இழப்பு, என்று பார்த்ததும் பலர் கேட்பது ஒன்றுதான்: “இந்த ஜீன் போச்சுன்னா அவ்வளவுதானா?” பதில் சொல்லுமுன் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன்.

முதலில், எத்தனை பிரதி போயிருக்கிறது? கட்டி வளராமல் அடக்கும் ஜீன் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு இருக்கும். பெரும்பாலும் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து 1971-ல் ஆல்ஃப்ரெட் நட்சன் இதைச் சொன்னார். ‘ஹோமோசைகஸ் டெலீஷன்’ என்றால் இரண்டுமே போய்விட்டது.

அடுத்தது, எந்த ஜீன்? இங்கேதான் நிதானம் வேண்டும். கட்டியை அடக்கும் ஆர்பி1 ஜீன் போனால், மார்பகப் புற்றுக்குத் தரும் பால்போசிக்லிப் போன்ற மருந்துக்குப் பிடி கிடைக்காது. அது வேலை செய்வதே ஆர்பி புரதத்தின் வழியாகத்தான். டிஎன்ஏ பழுதுபார்க்க உதவும் பிஆர்சிஏ ஜீன் போனால் கதை வேறு. அந்தச் செல்லால் உடைந்த டிஎன்ஏவைச் சரியாக ஒட்ட முடியாது. ஒலாபரிப் என்ற மருந்தைக் கொடுத்து இன்னொரு பழுதுபார்க்கும் வழியையும் அடைத்தால் செத்துவிடும். ஆனால் சில கட்டிகள் பிற்பாடு அந்த ஜீனைத் தாமே சரிசெய்துகொள்ளும். அதனால் மருந்து கேட்காமல் போனால் மறுபரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

டிபி53 என்ற காவல் ஜீன் போனால், சேதமான செல்லும் சாகாமல் பிரிந்து பெருகும். பழுதின் மேல் பழுது சேரும். நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப்புற்றில் ‘17பி டெலீஷன்’ (17-வது குரோமோசோமில் டிபி53 இருக்கும் பகுதி போயிருப்பது) இருந்தால் வழக்கமான கீமோ சரியாகக் கேட்காது; இப்ரூட்டினிப், வெனிட்டோகிளாக்ஸ் போன்ற இலக்கு மருந்துகள் கைகொடுக்கும். ஆகவே இந்தப் பரிசோதனை சிகிச்சைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

டிபி53 ஜீன் உருவாக்கும் பி53, சாயமேற்றிய ஸ்லைடில் விஷமக்காரப் புரதம். உட்கருக்கள் எல்லாமே அடர் பழுப்பாக இருந்தால் காவல் பலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கெட்டுப்போன புரதம் சிதையாமல் குவிந்திருக்கிறது. சாயமே ஏறாத ஒரு ஸ்லைடுக்கு ஒருமுறை ‘லாஸ்’ என்று எழுதப் போனேன். “பக்கத்துச் செல்லைப் பாத்தியா?” என்றார் சீனியர். நல்ல செல்லிலும் நிறமில்லை. சாயம்தான் சொதப்பியிருந்தது.

பழுது பிறவியிலேயே வந்ததா என்பதைக் கட்டி ரிப்போர்ட் மட்டும் உறுதியாகச் சொல்லாது. ரத்தப் பரிசோதனை வேண்டும். பிறவிப் பழுது என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50% வாய்ப்பு.

பாரஃபின் பிளாக் (கட்டியின் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை) எண்ணைக் குறித்து வையுங்கள். மறுபரிசோதனைக்கு அதைத்தான் தேடுவோம்.