500 யூனிட்டுக்குள் வந்தோம்

பாப்பா பிறந்த பிறகு எங்கள் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். எங்களுக்கோ 520, 530 என்றே வந்துகொண்டிருந்தது. அந்த இருபது முப்பது யூனிட்டை நினைத்தாலே மனசு ஆறவில்லை.

ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் குறித்தேன். காரணம் கீசர்தான். 2000 வாட், அரை மணி ஓடினால் ஒரு யூனிட். பாப்பாவைக் குளிப்பாட்டப் போட்டதை அணைக்க மறந்துவிடுவோம். தண்ணீர் ஆற ஆற அது தானாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது பத்து நிமிடம்தான். அணைத்த பிறகே குளியல். அடுத்த கணக்கு 462.

கேஸுக்கு, பருப்பை ஊறவைத்துக் குக்கரில் ஏற்றி, முதல் விசிலோடு தீயைக் குறைக்கிறோம். 14.2 கிலோ சிலிண்டர் ஒரு வாரம் கூடுதலாக வருகிறது.