வடசென்னையில் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு முதியோர் பணம் வாங்கித் தருவது எப்படி?

பெரியவருக்காக அலையப்போகும் பேத்தி, மருமகள், எதிர்வீட்டுப் பையன் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். காசிமேட்டில் இறால் உரித்துக்கொண்டிருக்கும் எழுபது வயது அம்மாவுக்கு ஓடிபி என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமில்லை. கூடப் போகிற உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் எவ்வளவு பணம் என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011ல் 1000 ரூபாய் ஆனது, 2023 ஆகஸ்ட் முதல் 1200. ஒரு நாளைக்கு 40 ரூபாய் கணக்கு. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்கு இந்த 1200ல் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், 80 வயதாகிவிட்டால் 500. அந்த 200 ரூபாய் 2006ல் வைத்தது. அன்றைக்கு டீ என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை மாநில அரசு போடுகிறது.

"எங்களுக்கெல்லாம் நூறு நாள் வேலை கிடையாதா?" என்று கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் அடிக்கடி கேட்பார்கள். கிடையாது. 2005ல் சட்டமாக வந்த அந்த வேலை கிராமங்களுக்கு மட்டும்தான். நகரத்துக்கென்று மாநில அரசு 2022ல் ஒரு வேலைத் திட்டத்தைச் சில இடங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கியது. கிராமத்தில் இருக்கும் அக்காவுக்கு ஏரி வேலையாவது உண்டு, பட்டணத்தில் இருக்கும் தங்கைக்கு இந்த 1200தான். அதனால் இதை ஒழுங்காக வாங்கித் தருவது முக்கியம்.

படி 1: எந்தத் திட்டம் என்று முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும் சேர்த்து "முதியோர் பணம்" என்றுதான் தெருவில் சொல்வார்கள். ஆனால் விண்ணப்பத்தில் தனித்தனிப் பெயர்கள் இருக்கும். 60 வயது முடிந்த, ஆதரவற்ற ஆணோ பெண்ணோ என்றால் முதியோர் ஓய்வூதியம். கணவர் இறந்தவர் என்றால் விதவை ஓய்வூதியம், அதற்கு 60 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணவர் கைவிட்டுப் போனவருக்கும், 50 வயது தாண்டியும் திருமணமாகாத ஏழைப் பெண்ணுக்கும் தனித் திட்டங்கள் உண்டு.

வயதுச் சான்று சிக்கலாக இருக்கும் ஆயாவுக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் கைவசம் இருந்தால் விதவை ஓய்வூதியம் சுலபமான வழி. பலர் இதை யோசிக்காமல் வயதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு சந்தேகம்: மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய். ஒரே ஆளுக்கு இரண்டும் கிடைக்காது. ஆனால் மாமியாருக்கு முதியோர் பணம் வருகிறது என்பதற்காக அதே வீட்டில் தகுதியுள்ள மருமகளுக்கு உரிமைத்தொகை கிடைக்காது என்பதில்லை. இந்தப் பயத்தில் மாமியாரை விண்ணப்பிக்க விடாத வீடுகளும் உண்டு.

படி 2: காகிதங்களை ஒன்றோடொன்று பேசவிடுங்கள்

இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள். ஆதார், ஸ்மார்ட் கார்டு (ரேஷன் அட்டை), வாக்காளர் அட்டை, வங்கி பாஸ்புக் நான்கையும் தரையில் வரிசையாக வையுங்கள். பெயர், வயது, விலாசம் மூன்றையும் ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் படியுங்கள்.

பெயர்: ஆதாரில் "முனியம்மாள்", ஸ்மார்ட் கார்டில் "முனியம்மா", பாஸ்புக்கில் "எம். முனியம்மா" என்று இருக்கும். ஆயாவுக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஆதாரில் உள்ளதுபோல மற்றவற்றைத் திருத்துவதுதான் குறைந்த அலைச்சல். பாஸ்புக்கை வங்கியிலும், ஸ்மார்ட் கார்டை இ-சேவையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

வயது: இதுதான் பெரிய தலைவலி. ஆதார் எடுத்தபோது வாய்க்கு வந்த வயதைச் சொல்லியிருப்பார்கள், பதிந்தவரும் தோராயமாக ஒரு வருஷத்தைப் போட்டிருப்பார். பழைய வாக்காளர் அட்டை இருந்தால் தேடி எடுங்கள். டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில் கொடுத்த அட்டைகளில் "1.1.1995 அன்று வயது" என்று அச்சிட்டிருக்கும். அதில் 35 என்று இருந்தால் பிறந்தது 1959 வாக்கில், 60 எப்போதோ தாண்டியாகிவிட்டது. அதே ஆள் ஆதாரில் 1968 என்று இருந்தால் கம்ப்யூட்டர் விண்ணப்பத்தை எடுக்காது. ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் திருத்த முடியும். ஆகவே எந்தச் சான்று செல்லும் என்று ஆதார் மையத்தில் முன்பே கேட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஆயா ஏதாவது பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை படித்திருந்தாலும் சேர்க்கைப் பதிவேடு இருக்க வாய்ப்புண்டு. தலைமையாசிரியரிடம் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

விலாசம்: குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது வெளியே வாடகைக்குப் போனவர்கள், பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டவர்கள் எல்லாரும் இதில் மாட்டுவார்கள். பெரும்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில் வருகிறது. பழைய விலாசத்தில் விண்ணப்பித்தால் விசாரிக்க வருபவர் பூட்டிய கதவையோ, வீடே இல்லாத மண்மேட்டையோ பார்த்துவிட்டு "விலாசத்தில் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். ஆள் இப்போது எங்கே படுத்து எழுந்திருக்கிறாரோ அந்த விலாசம்தான் ஆதாரில் இருக்க வேண்டும்.

படி 3: வங்கிக் கணக்கு

ஆயாவின் பெயரில் தனிக் கணக்கு. மகனோடு சேர்ந்த கணக்கு வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. குறைந்தபட்ச இருப்பு கேட்காத ஜன்தன் கணக்கு போதும். கணக்கு ஏற்கெனவே இருந்தால் கடைசியாக எப்போது பணம் போட்டு எடுத்தார்கள் என்று பாருங்கள். இரண்டு வருஷம் எதுவும் நடக்காத கணக்கைச் செயலற்றது என்று நிறுத்திவைத்திருப்பார்கள். ஆதார், போட்டோவோடு கிளைக்குப் போனால் உயிர் கொடுத்துவிடுவார்கள். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் விழும். "பணம் வரவே இல்லை" என்று புலம்பும் சிலருக்கு அது மறந்துபோன இன்னொரு கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கும்.

படி 4: இ-சேவை மையத்தில்

வட்டாட்சியர் அலுவலகங்களிலும் மாநகராட்சி மண்டல அலுவலகங்களிலும் அரசு இ-சேவை மையங்கள் இருக்கின்றன. ஆயாவையும், ஆதாரோடு இணைத்த போனையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் கேன் எண் (இ-சேவையில் விண்ணப்பதாரருக்கான அடையாள எண்) என்று ஒன்று பதிவார்கள், அது ஒருமுறை எடுத்தால் வாழ்நாளுக்கும் செல்லும். பிறகு விண்ணப்பம், போட்டோ, காகிதங்களின் ஸ்கேன். ஓய்வூதிய விண்ணப்பத்துக்குச் சேவைக் கட்டணம் 10 ரூபாய்.

பத்து ரூபாய்தான். வாசலில் நின்று "தாசில்தார் ஆபீஸ்ல நம்ம ஆள் இருக்கான்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் இருப்பது உங்களிடம் இருக்கும் அதே விண்ணப்ப எண்தான்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மையத்தை விட்டு வெளியே வருவதற்குள் அதைப் போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிவிடும்.

எந்த வட்டம் என்பதையும் அங்கேயே சரிபாருங்கள். வண்ணாரப்பேட்டைக்காரர்கள் தண்டையார்பேட்டை வட்டம், எண்ணூர் என்றால் திருவொற்றியூர் வட்டம். மாதவரத்துக்கும் பெரம்பூருக்கும் புரசைவாக்கத்துக்கும் தனித்தனி. மாநகராட்சி மண்டலமும் வருவாய் வட்டமும் ஒன்றல்ல. மண்டல எல்லையை வைத்து வட்டத்தை ஊகிக்காதீர்கள்.

படி 5: ஆர்.ஐ. வரும் நாள்

விண்ணப்பம் ஆர்.ஐ. எனப்படும் வருவாய் ஆய்வாளருக்குப் போகும். அவர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அதை வைத்துச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவெடுப்பார். என்னைக் கேட்டால் ஓய்வூதியம் தீர்மானமாவது இந்தப் பத்து நிமிஷத்தில்தான். ஃபாரம் நிரப்புவதை எவர் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.

விசாரணை கிட்டத்தட்ட இப்படி நடக்கும்:

"பையன் இருக்காராம்மா?"

"கீறான் சார். போட்ல போறான்."

"அப்ப அவர் பாத்துக்கலாமே?"

இந்த இடத்தில் நிறைய ஆயாக்கள் தலையைக் குனிந்துகொண்டு "பாத்துக்கறான் சார்" என்று சொல்லிவிடுவார்கள். மகனை விட்டுக்கொடுக்க மனசு வராது. அறிக்கையில் "மகன் ஆதரவில் உள்ளார்" என்று ஒரு வரி ஏறிவிடும், அதோடு விண்ணப்பம் முடிந்தது. மகன் இருப்பதை மறைக்கச் சொல்லித் தரகர்கள் சொல்லித் தருவார்கள். அதைச் செய்யாதீர்கள், ஸ்மார்ட் கார்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்ளதைச் சொல்லப் பழக்குங்கள்: "கீறான் சார். அவனுக்கு ரெண்டு புள்ளைங்க, வாடகை வூடு. தடைக்காலத்துல ரெண்டு மாசம் சும்மா கீறான். எனக்கு மாத்திரை வாங்கக்கூட அவனாண்ட கேக்க முடியாது." இதில் ஒரு சொல் பொய்யில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது ஆர்.ஐ.க்கும் தெரியும்.

மருந்துச் சீட்டு, வாடகை ரசீது, ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி. நோட்டு இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். ஆயா காலையில் ஏலத்துக்கோ வீட்டு வேலைக்கோ போகிறவர் என்றால் எதிர்வீட்டில் சொல்லிவைத்து, உங்கள் போன் நம்பரையும் கொடுத்துவையுங்கள். ஆர்.ஐ. சொல்லிவிட்டு வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படி 6: எண்ணைத் துரத்துங்கள்

இ-சேவை இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டால் யாரிடம் நிற்கிறது என்று காட்டும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அங்கேயே தேங்கினால் 1100க்குப் போன் செய்து புகார் பதியுங்கள், அதற்கும் ஒரு எண் தருவார்கள். முதியோருக்கென்றே 14567 என்ற இலவச உதவி எண்ணும் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்.

நிராகரித்துவிட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன காரணத்துக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. வெள்ளைத்தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தனி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதினால் போதும்:

"எனது விண்ணப்பம் எண் ........ மீது வருவாய் ஆய்வாளர் அளித்த அறிக்கையின் நகல் வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்கான ஆணையின் நகல் வேண்டும்."

கேள்வி கேட்காதீர்கள், நகல் கேளுங்கள். "ஏன் தரவில்லை?" என்று எழுதினால் சுற்றி வளைத்துப் பதில் வரும். நகல் கேட்டால் நகல்தான் தர வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டியது சட்டம். அறிக்கையில் என்ன தவறு என்று தெரிந்தால் அதைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

சில சமயம் காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் பல மாதம் ஓடும். தேசியத் திட்டத்தில் மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று மத்திய அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஏழைகளின் எண்ணிக்கை அந்த வரம்பைக் கேட்டா கூடுகிறது?

படி 7: பணம் வந்த பிறகு

வங்கி முகவர் வீட்டுக்கே வந்து கைரேகை வைத்துப் பணம் தருவார். காலமெல்லாம் உப்பிலும் ஐஸிலும் கை வைத்தவர்களுக்கு ரேகை விழாது. விரலைத் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து முயலுங்கள். அப்படியும் விழாவிட்டால் கிளைக்கே போய்ப் பாஸ்புக்கில் எடுக்கலாம். முகவர் 1200ல் ஏதாவது பிடித்துக்கொண்டு கொடுத்தால் வாங்காதீர்கள். பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்க்கும் பழக்கம் வைத்தால் இது தானாக நின்றுவிடும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஓய்வூதியர்களுக்குச் சேலை, வேட்டி உண்டு, மாதாமாதம் அரிசியும் உண்டு. இதை யாரும் வந்து சொல்லமாட்டார்கள், கேட்க வேண்டும்.

கூட்டிப் போன உங்களுக்கும் ஒரு வேலை

வீட்டு வேலை, கட்டட வேலை, ஆட்டோ, சுமை தூக்குதல் என்று உங்கள் அம்மாவோ அப்பாவோ ஐம்பதுகளில் இருந்தால் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் இப்போதே பதியுங்கள். 60 ஆவதற்குள் பதிந்து புதுப்பித்துக்கொண்டே வந்தால்தான் 60ல் வாரிய ஓய்வூதியம் கேட்க முடியும். அப்புறம் ஓடிப் பயனில்லை.

நீங்கள் 40க்குள் என்றால் அடல் பென்ஷனைப் பாருங்கள். 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால் 60க்குப் பிறகு மாதம் 5000 வரும். அதையே 40ல் தொடங்கினால் மாதம் 1454 கட்ட வேண்டும். வருமான வரி கட்டுபவர்கள் இதில் சேர முடியாது. சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியிலோ தபால் நிலையத்திலோ ஃபாரம் கேட்டாலே கொடுப்பார்கள்.