வெள்ளெழுத்துக் கண்ணாடியா? முதலில் டேப்பை எடுங்கள்

நாற்பதைத் தாண்டியதும் மாத்திரை அட்டையைத் தள்ளித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்களா? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிவிடுகிறது. கிட்டத்தில் இருப்பது மங்குகிறது. அதுதான் வெள்ளெழுத்து.

கண் பரிசோதனை கட்டாயம். பவரோடு கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

அதற்குப் போகுமுன் ஒரு வேலை, பலரும் செய்யாதது. வழக்கம்போல உட்கார்ந்து புத்தகத்தைப் பிடியுங்கள். கண்ணிலிருந்து தாள்வரை எவ்வளவு தூரம் என்று யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் 40 செ.மீ. பக்கம் வரும். கம்ப்யூட்டர் திரைக்கும் அளந்து, இரண்டையும் பரிசோதிப்பவரிடம் சொல்லுங்கள். நான் அப்படிச் சொல்லாமல் விட்டேன். +2.00 கொடுத்தார்கள், புத்தகம் பளிச்சென்று தெரிந்தது, 65 செ.மீ. தள்ளியிருந்த திரை கலங்கலாகத் தெரிந்தது. கழுத்தை நீட்டி நீட்டி ஒரு மாதம் ஓட்டினேன். கணக்கு எளிதுதான்: தூரப் பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படாதவர் என்றால், 100-ஐ பவரால் வகுத்தால் வரும் செ.மீ.க்கு அப்பால் மங்கும். +2.00 என்றால் 50.

சரி, லென்ஸ். படிக்க மட்டும் என்றால் ஒற்றைப் பவரே போதும். மலிவு, பழகவும் வேண்டாம். தூரத்துக்கும் பவர் இருந்தால் பைஃபோக்கல் (மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று இரண்டு பவர்) அல்லது புரோகிரசிவ் (கோடு இல்லாமல் மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறுவது). புரோகிரசிவில் ஓரங்கள் சற்று நெளியும், பழகச் சில நாள் ஆகும். பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங் வாங்கலாம். ரெடிமேட் கண்ணாடியில் பெரும்பாலும் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான், சிலிண்டர் பவரும் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் மங்கலைச் சரிசெய்வது) இருக்காது, அவசரத்துக்கு மட்டும்.

அப்புறம்தான் ஃபிரேம். காதுக் கம்பியின் உட்புறம் 52, 18, 140 என்பதுபோல் எண்கள் இருக்கும்: லென்ஸின் அகலம், மூக்குப் பாலம், கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். இப்போது போடும் கண்ணாடி வசதியாக இருந்தால் அதன் எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். புரோகிரசிவ் போடுவதாக இருந்தால் ஒடுக்கமான ஃபிரேம் வேண்டாம். படிக்கும் பகுதி கீழே இருப்பதால் அதுவே வெட்டுப்பட்டுப் போகும். லென்ஸின் உயரம் 30 மி.மீ. இருந்தால் நிம்மதி.

கடையில் கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பதோடு விடாமல், மாட்டிக்கொண்டு தலையைக் குனியுங்கள். படிக்கும்போது குனிந்துதானே இருப்போம்? வழுக்கினால் கம்பியின் நுனியைச் சூடாக்கி வளைத்துத் தரச் சொல்லுங்கள். அப்படியும் வழுக்கினால் வேறு ஃபிரேம் பாருங்கள்.