நாய்க்குக் கல்லால் சிறுநீர் அடைத்துக்கொண்டால் செய்ய வேண்டியவை

ஆண் நாய் வெகுநேரம் முக்கியும் சிறுநீர் வராமலிருந்தாலோ, இரத்தம் கலந்து சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தாலோ, மலச்சிக்கல் என்று எண்ணி மறுநாள் வரை பொறுத்திருக்கக் கூடாது. ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. அங்கே சிறுநீர்க் குழாய் விரிய இடமில்லாததால், சிறுநீர்ப்பையிலிருந்து இறங்கும் கல் பெரும்பாலும் அந்த எலும்புக்குச் சற்றுப் பின்னால் சிக்கிக்கொள்கிறது. முழுதும் அடைத்துவிட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குலையும்; ஓரிரு நாளில் உயிரே போகலாம்.

கல் என்றதும் வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமும் நம் நினைவுக்கு வரும். அடைபட்ட நாய்க்கு இவற்றைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். வெளியேற வழியில்லாத பையில் மேலும் சிறுநீர் சேர்ந்து வேதனைதான் கூடும். வயிற்றை அழுத்தினால் பை கிழியக்கூடும். நமக்கான வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பென்னாகரம், அஞ்செட்டி போன்ற ஊர்களில் இருப்பவர்கள், அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு நெடுந்தூரம் புறப்படுமுன், அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டி, ஊசி மூலம் பையிலுள்ள சிறுநீரை எடுத்துவிட முடியுமா என்று கேட்பது நல்லது. அதனால் கிடைக்கும் அவகாசம் உயிர் காக்கும். தருமபுரிப் பக்கத்தார் சேலம் வழியாக நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், ஓசூர்ப் பக்கத்தார் பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கல்லூரிக்கும் செல்லலாம். நாய் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது, வாந்தி எடுத்ததா என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய குழாயைச் செலுத்தி, சலைனை வேகமாகப் பாய்ச்சிக் கல்லைப் பைக்கே திருப்பித் தள்ள முயல்வார். அடைப்பு நீங்கியதும் சிறுநீர் மிகுதியாகப் போகும் என்பதால் நரம்பு வழியாக நீரேற்றம் தேவைப்படும். உடல் தேறிய பின்பே பையைத் திறந்து கல்லை எடுப்பார்கள். கல் திரும்பவே மறுத்தாலோ அடிக்கடி அடைத்தாலோ, விதைப்பை இருக்கும் இடத்தில் புதிய சிறுநீர்த் துளை அமைப்பதும் உண்டு.

எடுத்த கல்லை எறிந்துவிடாமல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள், ஏனெனில் பின்னாளைய உணவு முழுவதும் அதைப் பொறுத்தது. ஸ்ட்ருவைட் என்னும் வகைக் கல் தனி உணவாலும், தொற்று இருந்தால் அதற்கான மருந்தாலும் கரையக்கூடும். கால்சியம் ஆக்சலேட் கல் கரையாது. டால்மேஷியன் இனத்தில் மிகுதியான யூரேட் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதற்கு ஸ்கேன் வேண்டும். இப்பகுதியின் கடின நீரே காரணம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கல் எதுவானாலும் உணவில் தண்ணீர் கலந்து கொடுப்பதும், அடிக்கடி வெளியே அழைத்துச் செல்வதும், சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்பதும் அவசியம்.