மிஷனுக்குப் போகிறவர்களுக்கு: கம்பேனியனோடு குடித்தனம் நடத்துவது எப்படி

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிலிருந்து, அதாவது பலர் மார்மன் சபை என்று சொல்வதிலிருந்து, ஊழியம் செய்யும் மிஷனுக்கு அழைப்பு வந்துவிட்டது என்று சொன்னதும் எல்லாரும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். எந்த ஊர்? முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக் கதவை எப்படித் தட்டப் போகிறாய்? கதவு தட்டுவது சீக்கிரமே பழகிவிடும். பழக நாளாவது கூட இருக்கும் ஆள், அதாவது கம்பேனியன்தான். நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒருவருடன், கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தை விட்டு நகராமல், ஆண்கள் 24 மாதமும் பெண்கள் 18 மாதமும் இருக்க வேண்டும். நான் அந்த 18 மாதத்தை முடித்துவிட்டு வந்தவள். வசனம் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் நான் குடித்தனத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். விண்ணப்பத்திலேயே பல் பரிசோதனை கேட்பார்கள். ஆனால் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்ட பல்தான் மிஷனில் வலிக்கும். புது ஷூவை வீட்டிலேயே போட்டு நடந்து பழக்குங்கள், இன்னொரு ஜோடியும் வேண்டும். துணி துவைக்க, ஒரு நாலு சாப்பாட்டு வகை சமைக்க, பட்டன் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியின் தொடக்கம் பெரும்பாலும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் நடக்கும், அப்புறம்தான் பயிற்சி மையம். அந்த நாட்களில் நீங்கள் வீட்டில் இருந்தாலும் வீட்டு வேலைக்குக் கிடைக்க மாட்டீர்கள் என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சம்பளம் கிடையாது. நீங்களோ குடும்பமோ மாதாமாதம் கட்டும் தொகை ஒரு பொது நிதிக்குப் போகும், மிஷன் அதிலிருந்து செலவுக்குக் கொடுக்கும். ஒரே நாட்டிலிருந்து போகிறவர்களில் ஒருவருக்கு விலைவாசி அதிகமான நகரமும் இன்னொருவருக்குச் சின்ன ஊரும் கிடைத்தாலும் கட்டுவது ஒரே தொகைதான். கையில் வருவதை வாரக் கணக்கில் பிரித்து வையுங்கள். மாதக் கடைசியில் பட்டினி கிடப்பதை விசுவாசக் கணக்கில் சேர்க்க முடியாது.

இனி கம்பேனியன். முதல் 12 வாரம் உங்களுடன் இருப்பவர் டிரெய்னர். அவரும் உங்களைவிடச் சில மாதமே மூத்தவராக இருக்கலாம், அதனால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்க வேண்டாம். அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் வரும். யார் யாரோடு, எந்தப் பகுதியில் என்பதை அந்த வட்டார மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவர்தான் முடிவு செய்வார். ஒரே அறையில் தனித்தனிக் கட்டிலில் படுக்க வேண்டும். குளியலறை, மிஷன் தலைவருடனான நேர்காணல் போன்ற சில இடங்கள் தவிர வேறெங்கும் தனியாக இருக்க முடியாது. பெயர்ப் பட்டையில் ஆண் என்றால் எல்டர், பெண் என்றால் சிஸ்டர் என்று போட்டுக் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும், கூப்பிடுவதும் அப்படித்தான். அவரது முதற்பெயர் தெரிவதற்கு முன்பே அவர் தூக்கத்தில் பேசுவாரா, பற்பசையை நடுவில் பிதுக்குவாரா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வந்த முதல் இரவே மூன்று விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். அலாரம் யார் வைப்பது? யார் முதலில் குளிப்பது? கோபம் வந்தால் நீங்கள் பேசுவீர்களா, மௌனமாவீர்களா? மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். என் கம்பேனியன்களில் ஒருவர் மௌனமாகிற ரகம். அது தெரியாமல் இருந்திருந்தால், என்ன குற்றம் செய்தோம் என்று நாள் முழுக்க நானே குடைந்துகொண்டிருந்திருப்பேன்.

வாராந்தரத் திட்டமிடலின் முடிவில் கம்பேனியன்கள் ஒருவருக்கொருவர் மனம் திறந்து பேச ஒரு நேரம் உண்டு. பலர் அதை 'எல்லாம் நல்லாத்தானே போகுது?' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அப்படி முடிக்காதீர்கள். நாங்கள் செய்த விதம் இது: முதலில் அந்த வாரம் மற்றவர் நன்றாகச் செய்த ஒன்றை, எந்த வீட்டில் எப்போது என்று சேர்த்துச் சொல்வது. பிறகு தொந்தரவாக இருக்கும் ஒரே ஒரு விஷயம். இரண்டாவது தொந்தரவை எடுத்தால் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். ஒருநாள் என் கம்பேனியன் நோட்டின் ஓரத்தைக் கிழித்து உருட்டிக்கொண்டே, "ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் யாரும் என்னோடு பேசக் கூடாது. பகல் முழுக்கப் பேசித் தொண்டையும் போச்சு, மனசும் போச்சு" என்றார். எனக்கோ நாள் முடிந்ததும்தான் பேச வரும். கடைசியில், வந்ததும் அரை மணி மௌனம், அதற்குப் பிறகு படுக்கும்வரை என் பேச்சு என்று ஏற்பாடானது. தனி அறையே இல்லாத வாழ்க்கையில் அந்த மௌனம்தான் அவருக்கு அறை.

நாள் ஏறக்குறைய இப்படிப் போகும்: 6:30க்கு எழுந்து ஜெபம், அரை மணி உடற்பயிற்சி, குளியல், காலை உணவு; அப்புறம் தனியாக ஒரு படிப்பு, இருவரும் சேர்ந்து ஒரு படிப்பு, புது மொழி என்றால் அதற்கும் நேரம். பிறகு வெளியே. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குள் வீடு, 10:30க்கு விளக்கணைப்பு. 2017க்குப் பிறகு இதில் ஊருக்குத் தகுந்த மாற்றங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் மிஷன் தலைவர் சொல்வதே கணக்கு. கார் கொடுத்தால் பின்னோக்கி எடுக்கும்போது ஓட்டாதவர் இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும். மழையிலும்தான். யார் இறங்குவது என்று சண்டை வராது, ஏனென்றால் சாவி யாரிடம் என்பதில் ஏற்கெனவே வந்திருக்கும்.

தெருவில் யாராவது "நீங்கள் மார்மன்களா?" என்று கேட்டால் முதலில் ஆமாம் என்று சொல்லுங்கள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்ற முழுப் பெயரையே பயன்படுத்த வேண்டும் என்று அப்போதைய சபைத் தலைவர் ரசல் நெல்சன் 2018இல் வலியுறுத்தியது உண்மை. ஆனால் கேட்டவரைத் திருத்திக்கொண்டே பேச்சைத் தொடங்கினால் அவர் நடையைக் கட்டிவிடுவார். ஆமாம் சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் முழுப் பெயரைச் சொன்னால் போதும்.

கதவு திறந்தவர் வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். எங்கள் வேதநூலான மார்மன் புஸ்தகத்தை வலுக்கட்டாயமாகத் திணித்துவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை, அது கதவுக்குப் பின்னாலேயே கிடக்கும். உள்ளே கூப்பிட்டால், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆண் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் சிஸ்டர்களும், பெண் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் எல்டர்களும், இன்னொரு பெரியவர் உடன் இல்லாமல் போகக் கூடாது. வாசலில் நின்றே பேசலாம், சபை உறுப்பினர் ஒருவரை அழைத்துக்கொண்டு இன்னொரு நாள் வரலாம். காபியோ தேநீரோ கொண்டுவந்து வைத்துவிட்டால் ஞான வார்த்தை என்ற எங்கள் உடல்நல விதி பற்றி அங்கேயே பிரசங்கம் வேண்டாம். "நாங்கள் காபி, டீ குடிப்பதில்லை, தண்ணீர் கொடுங்களேன்" என்று நீங்களே கேட்டு வாங்கிக் குடியுங்கள். கொடுத்ததை மறுத்துவிட்டார்கள் என்ற சங்கடம் அவருக்கு இருக்காது.

பாடம் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் நீங்களே பதிலையும் சொல்லிவிடத் தோன்றும். கம்பேனியனும் அதேபோல்தான் துடித்துக்கொண்டிருப்பார், அதனால் காலடியில் ஒரு சின்னத் தட்டு என்று சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சேவை வேலை வாராவாரம் இருக்கும். வீடு மாற்ற உதவுவது, சுவருக்கு வண்ணம் அடிப்பது, முதியவர்கள் வீட்டைச் சுத்தம் செய்வது, மொழி வகுப்பு எடுப்பது. அழுக்கானால் பரவாயில்லை என்ற உடையில் போங்கள். பீரோவைத் தூக்கும் நேரத்தில் இரட்சிப்பின் திட்டம் என்ற பாடத்தை விளக்க ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பீரோவை மட்டும் தூக்குங்கள்.

வாரத்தில் ஒருநாள் பி-டே, அதாவது சொந்த வேலைகளுக்கான தயாரிப்பு நாள். துவைப்பது, கடைக்குப் போவது, முடி வெட்டுவது எல்லாம் மாலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும். முன்பு வீட்டுக்குப் போன் செய்ய வருடத்தில் ஓரிரு நாள்தான் அனுமதி. 2019 பிப்ரவரியிலிருந்து வாராவாரம் பேசலாம், வீடியோவிலும் பார்க்கலாம். காலையில் எழுந்ததும் கூப்பிடாதீர்கள். வீட்டு ஞாபகம் நாள் முழுக்கத் தொண்டையில் நிற்கும், துணி ஊறிய இடத்திலேயே கிடக்கும். வேலைகளை முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள். கம்பேனியன் பக்கத்திலேயே இருப்பார் என்பதால் அவரைப் பற்றிய புகாரை அம்மாவிடம் சொல்ல முடியாது. நல்லதுதான், அதை அவரிடமே சொல்ல வேண்டியிருக்கும்.

ஞானஸ்நான நாளில் வேலை அதிகம். ஞானஸ்நானம் பெறுகிறவருக்கான தகுதி நேர்காணலை வழக்கமாக மிஷனரிகளுக்குள் மாவட்டத் தலைவராகவோ மண்டலத் தலைவராகவோ இருப்பவர் நடத்துவார், பாடம் எடுத்த நீங்கள் அல்ல. தொட்டி நிரம்ப மணிக்கணக்காகும், தண்ணீர் ஓடும்போது ஒரு பெரியவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். வெள்ளை உடை நனைந்தாலும் உள்ளே தெரியாத கனத்தில் இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். ஆள் முழுவதும் மூழ்க வேண்டும், உடல், முடி, உடை எது மேலே நின்றாலும் மறுபடி செய்ய வேண்டும். நீளக் கூந்தலைக் கட்டிவிடுங்கள். தண்ணீரில் அது தனியாக மிதக்கும், இரண்டு சாட்சிகளும் முதலில் பார்ப்பது அதைத்தான். 2019 அக்டோபர் முதல் பெண்களும் சாட்சியாக நிற்கலாம், அதனால் இது சிஸ்டர்களின் பொறுப்பும்கூட.

உடம்புக்கோ மனதுக்கோ முடியாமல் போனால் மறைக்காதீர்கள். முழங்கால் வலி, தூக்கமின்மை, காரணம் தெரியாத அழுகை எதுவானாலும் மிஷன் தலைவருக்கு வாராவாரம் எழுதும் கடிதத்தில் எழுதுங்கள், அவசரம் என்றால் அன்றே போன் செய்யுங்கள். இடையில் வீடு திரும்புகிறவர்கள் உண்டு, வீட்டிலிருந்தபடியே சேவை மிஷனாக மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. கம்பேனியனுக்கு அப்படி ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால், அவரிடம் சொல்லிவிட்டு நீங்களே எண்ணைப் போட்டுப் போனை அவர் கையில் கொடுங்கள். எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும் நிலையில் அவர் இருக்க மாட்டார்.